சப்பை மூக்கு

உலக சரித்திரம் எழுதுகிறவர்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் பங்குனி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில், செங்கல்பட்டுக் கடைத்தெருவில் மதார் சாகிப்பின் குடைக்கடைப் பின்கட்டில் கூடிய மகாசபை, மடக்குக் கத்தியின் அலகு எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்கிற கேள்விக்கு இனியும் பதில் காணாமல் இருப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் செய்தது. அந்தச் சமயத்தில் தேவிகுளம் யாருக்கு, பீர்மேடு யாருக்கு என்று ராஜதானியே அடித்துக்கொண்டிருந்தது. சபை அந்த மாதிரிச் சில்லறை விஷயங்களில் தலையிடுவதில்லை.

மகாசபை என்றதும் மேடை, மாலை, ஒலிபெருக்கி என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் மூன்று பேர். கடைக்காரர் மதார் சாகிப் முதல் ஆள். நாற்பத்தாறு வயது. குடை விற்பார், கம்பி ஒடிந்த குடைக்குக் கம்பி மாற்றுவார், மழை இல்லாத பத்து மாதமும் அபிப்பிராயம் சொல்வார். இரண்டாவது ஆள் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா ஜானகிராமன். மூன்றாவது, படாளத்திலிருந்து வாரம் தவறாமல் சைக்கிள் மிதித்து வந்து சேரும் செங்கல்வராயன். நான்கு காணி நஞ்சை உள்ளவர். மூவரிடமும் ஆளுக்கொரு சீமை மடக்குக் கத்தி இருந்தது. மூன்றும் மூன்று வடிவம். ஆகவே மூன்று கட்சி.

ஜானகிராமனுடையது வேல் மூக்கு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து நடுவில் கூராக முடியும். செங்கல்வராயனுடையது கிளி மூக்கு. நுனி உள்வாங்கி வளைந்திருக்கும். மதார் சாகிப்புடையது சப்பை மூக்கு. வெட்டும் விளிம்பு கோடு போட்டதுபோல் நேர். முதுகு மட்டும் கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்து விளிம்பைத் தொட்டுவிடும். குத்துவதற்குக் கூர் என்று ஒன்றுமே கிடையாது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம், பட்டணத்து மூர் மார்க்கெட்டில் யாரோ ஒரு துரை விட்டுப்போன சாமான்களுக்கு நடுவில் அவர் அதைக் கண்டெடுத்தார். மான்கொம்புப் பிடி. அலகில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம்.

"கூரே இல்லாத கத்தி இன்னாத்துக்கு சாயபு? வெண்ணெ தடவறதுக்கா?" என்பார் ஜானகிராமன்.

"உனக்குக் கூரு இன்னாத்துக்கு? பார்சல் ஆபீஸ்ல எவனைக் குத்தப் போற? இது கப்பல்காரன் கத்தி. பாய்மரத்து மேல ஏறி நின்னுகினு கயிறு அறுக்கறவனுக்குன்னு சீமையில யோசிச்சு செஞ்சது. கப்பல் ஆடறப்ப வயித்துல குத்திக்கக் கூடாது பாரு. அதான் மூக்கு சப்பை. கயித்துக்குன்னா இதுதான். எழுதி வச்சுக்கோ."

மதார் சாகிப் கப்பலைக் காலண்டரில் பார்த்திருக்கிறார்.

"கிளி மூக்குன்னா வாழத்தாரு, கொடி, கரும்புத் தோகை, எதுனா ஆவட்டும், ஒரே இழு" என்பார் செங்கல்வராயன்.

"நீ இழுத்துப் பார்த்தியா அண்ணாத்த?"

"இழுத்துத்தான் பார்க்கணுமா? பார்த்தாலே தெரியல?"

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தை உடைத்தாக வேண்டும். மூன்று கத்திகளும் அதுநாள்வரை எதையும் வெட்டியதில்லை. படாளத்து வாழைத்தாரைச் செங்கல்வராயன் அரிவாளால்தான் வெட்டினார். ஜானகிராமன் பார்சல் கட்டுகளை ஆபீஸ் கத்திரியால் பிரித்தார். மதார் சாகிப்போ குடைக்கட்டு வந்தால் சணலைப் பல்லால் கடித்து இழுத்தார். சீமைக் கத்திகளுக்கு விதிக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. சபை கூடியதும் சாணைக்கல்லில் பத்து இழுப்பு, தோல்வாரில் இருபது இழுப்பு. பிறகு இடது முன்னங்கையில் வைத்து மயிரைச் சிரைத்துக் காட்டுவது. எவன் கத்தி சத்தமில்லாமல் சிரைக்கிறதோ அன்றைக்கு அவன் கட்சி ஜெயித்தது. ஆகவே மூவருக்கும் வலது கை மனுஷக் கையாகவும் இடது கை மழமழவென்றும் இருந்தன. "மூணு பேரு கையையும் சேர்த்துப் பார்த்தா ஒரே கடையில உரிச்ச கோழி மாதிரி கீது" என்று மதார் சாகிப்பின் மனைவி ரோஷன் பீவி சொல்வாள். அவளுக்குக் கலையில் ஈடுபாடு குறைவு.

தீர்மானத்தின்படி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் செய்முறைப் பரீட்சை. செங்கல்பட்டில் இல்லாத எந்தப் பொருள் சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பெரிய காரியங்களை உள்ளூரில் செய்வது வழக்கமில்லை. நுங்கு, மீன், கயிறு என்று மூன்று பொருள்களையும் மூன்று கத்திகளாலும் வெட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கயிற்றைக் கையோடு கொண்டுபோவதற்காக ஜானகிராமன் இரண்டு கஜம் புதுத் தேங்காய்நார்க் கயிறு வாங்கி வந்தார்.

காலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே போனார்கள். கழுகு பார்க்கிற கூட்டம் இறங்கிய பிறகு உட்கார இடம் கிடைத்தது. சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி, உலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், கட்டிவிட்டுப்போன கோட்டையின் இடிந்த சுவர் நிழலில் பாயை விரித்து, நுங்கு விற்றவரைக் கூப்பிட்டார்கள். இங்கேதான் முதல் சிக்கல். நுங்குச்சாறு பட்டால் எஃகு கறுத்துப்போகும் என்று ஜானகிராமன் எங்கோ படித்திருந்தார். மற்ற இருவரும் படிக்காமலே நம்பினார்கள். நுங்குக்காரரே தம் அரிவாளால் நறுக் நறுக்கென்று சீவிக் கொடுத்துவிட்டுப் போனார். மீன் இன்னும் கரைக்கு வரவில்லை. கயிறு விஷயத்தில், புதுக் கயிற்றை வீணாக்குவானேன் என்று செங்கல்வராயன் அதைக் கொண்டு தம் சாப்பாட்டுப் பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டார். கடற்காற்றில் தம் கத்திக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதே என்று அதையும் பிளானல் துணியில் மூன்று சுற்றுச் சுற்றிப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். ஆக, பரீட்சை இனிதே முடிந்தது. விவாதம் தொடங்கியது.

சற்றுத் தள்ளி அதே சுவர் நிழலில் ஒரு பெண் வெறும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பெயர் பொன்னி. அவள் புருஷன் முனிசாமியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் கீழே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை வந்தால் மீன், மீன் வந்தால் கூடை, கூடை நிறைந்தால் கல்பாக்கம் வரை நடை. அதுவரை அவளுக்குப் பொழுதுபோகவில்லை. சபையைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா சாயபு, ஒரு கையில மசுரே இல்ல? படை கிடை வந்துச்சா?"

ஜானகிராமன் சிரித்தார். மதார் சாகிப் சிரிக்கவில்லை. பத்து வருஷத்தில் முதல்முறையாக அன்னியர் ஒருவர் வாய்திறந்து கேட்டிருக்கிறார். "படை இல்லம்மா. எங்கிட்ட ஒரு கத்தி கீது. சீமைக் கத்தி. தொட்டா மசுரு தானா உதிரும். கப்பல்ல கயிறு அறுக்கறதுக்குன்னே செஞ்சது" என்று ஆரம்பித்து, மான்கொம்பு, மூர் மார்க்கெட், துரை என்று கால்மணி நேரம் சொன்னார். பொன்னி உம் கொட்டினாள். "அப்ப நல்ல கத்திதான்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பினாள். மதார் சாகிப்புக்கு மனசு நிறைந்துபோயிற்று. அவள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு, சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து முன்னங்கையில் விரற்கடை அகலம் சிரைத்து நண்பர்களுக்குக் காட்டிவிட்டு, மடக்கித் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

கரைவலைக்கு இரண்டு புறமும் நீளக் கயிறு. அதை வரிசையாக நின்று இழுக்கவேண்டும். முனிசாமி வரிசையின் கடைசி ஆள். இழுத்து வந்த கயிறு அலையோடு திரும்பிப் போய்விடாதபடி, மணலில் அடித்திருந்த முளையோடு அதைச் சுண்டுவிரல் தடிமனுள்ள ஒரு கட்டுக்கயிற்றால் அவ்வப்போது பூட்டி நிறுத்துவது அவன் வேலை. வழக்கமாகச் செய்வதுதான். அன்று ஓர் அலை பின்வாங்கும்போது வலையையும் வாரிக்கொண்டு போயிற்று. கட்டுக்கயிறு விறைத்து முளையைக் கவ்வியது. உள்ளே இருந்த இரண்டு விரல்கள் வெளியே வரவில்லை.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. ஆட்டின் சத்தம் என்றுதான் மதார் சாகிப் நினைத்தார். பிறகு எல்லோரும் கத்தினார்கள். இழுத்துப் பிடித்திருந்தவர்கள் கையை விட முடியாது. விட்டால் கடலின் பாரம் முழுக்க அந்த முடிச்சின்மேல் வரும். அவர்கள் குதிகாலை மணலில் புதைத்துக்கொண்டு, "கட்டு கயித்த அறு! யார்னா அறு!" என்று அலறினார்கள். பொன்னி எழுந்து கீழே நாலு எட்டு ஓடினாள். நின்றாள். திரும்பிச் சபையை நோக்கி ஓடி வந்தாள்.

"சாயபு! அந்தக் கத்தி! சீக்கிரம் குடு சாயபு!"

மதார் சாகிப் எழுந்து நின்றார். கத்தி அவருடைய நெஞ்சின்மேல், சட்டைப்பையில், அதன் கனத்தோடு இருந்தது. அந்த நேரத்தில் அவர் மனசில் என்ன ஓடியது என்று பிற்பாடு அவரே பலமுறை தோண்டிப் பார்த்திருக்கிறார். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. கீழ்க்காற்று, அந்தக் கயிற்றில் ஊறியிருந்த உப்புத்தண்ணீர், அதன் புரிகளுக்கு நடுவே நறநறக்கும் மணல், இவை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன. மணலில் பட்டால் விளிம்பு போய்விடும். உப்பு பட்டால் ராத்திரிக்குள் துரு.

"அது... வூட்டுல வச்சுட்டு வந்துட்டேம்மா" என்றார்.

நாக்கு முந்திக்கொண்டுவிட்டது. பொன்னி அவர் முகத்தைப் பார்த்தாளா, முன்னங்கையைப் பார்த்தாளா, அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த மயிர்த்துணுக்குகளைப் பார்த்தாளா, அவருக்குத் தெரியவில்லை. அவள் குப்பத்தை நோக்கி ஓடினாள். கூப்பிடு தூரம்தான். ஆனால் மணல்.

பொய் சொல்ல ஒரு நொடி பிடித்தது. அதைத் திருத்திக்கொள்ளக் கடவுள் அவருக்குத் தாராளமாக அவகாசம் கொடுத்தார். அவள் ஓடிப்போய்த் திரும்புகிற நேரம் பூராவும் கொடுத்தார். ஜானகிராமன் அதற்குள் முளைக்குப் பாதிதூரம் போய்விட்டார். போகும்போதே வேல் மூக்கைத் திறக்கப் பார்த்தார். துரு பிடிக்காமலிருக்க வருஷக்கணக்காக ஊற்றிய விளக்கெண்ணெய் கீலில் பிசினாக இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்ததே தவிர அலகு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். செங்கல்வராயன் பாயில் மண்டியிட்டுச் சாப்பாட்டுப் பையோடு மல்லுக்கு நின்றார். புதுக் கயிறு, இறுக்கின முடிச்சு. அதை அறுக்க ஒரு கத்தி வேண்டியிருந்தது. அவர் நிமிர்ந்து மதார் சாகிப்பைப் பார்த்தார். பார்வை சட்டைப்பைக்குப் போயிற்று. பிறகு மறுபடியும் குனிந்து முடிச்சை நகத்தால் கெல்ல ஆரம்பித்தார்.

இப்போது எடுக்கலாம் என்று மதார் சாகிப்புக்குத் தோன்றியது. ஆனால் வீட்டில் இருக்கிற கத்தி சட்டைப்பையிலிருந்து எப்படி வரும்? எல்லோர் எதிரிலும் எடுத்தால் என்ன நினைப்பார்கள்? இந்த ஒரு கேள்வி அவருடைய கையைக் கட்டிப்போட்டது. உப்பும் மணலும் எங்கோ போய்விட்டன. துருவைப் பற்றிய கவலைகூட இப்போது இல்லை. மரியாதைதான் மிச்சம். வாங்கின பேர் கெட்டுப்போகாமல் இருப்பதற்காக அவர் அந்தச் சுவர் நிழலில் சாமி சிலைபோல் நின்றார். கீழே முனிசாமியின் குரல் கம்மிக்கொண்டே வந்தது.

பொன்னி அரிவாள்மணையோடு வந்தாள். மீன் அரியும் அரிவாள்மணை. அலகைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்து, பிடிக்க வாட்டமில்லாமல் பலகையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கீழிருந்து மேலாக அறுத்தாள். ஒரு புரி, இரண்டு புரி, மூன்று. முனிசாமி பின்னால் சாய்ந்து விழுந்தான். அவனை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். ஜானகிராமனும் கூடவே ஏறிக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மதார் சாகிப்பும் செங்கல்வராயனும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் செங்கல்வராயன், "பசிக்குது சாயபு" என்றார். பை மடியிலேயே இருந்தது. இருவரும் அதன் முடிச்சைப் பார்த்தபடி செங்கல்பட்டு வரை வந்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜானகிராமன் கடைக்கு வந்தார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு குடையின் கம்பியை எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி நின்றுகொண்டு, "ரெண்டு விரலையும் எடுத்துட்டாங்க. வலது கை. செத்த முன்ன கயித்த அறுத்து வுட்டிருந்தா பொழைச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்" என்றார். மதார் சாகிப் ஒரு குடையைத் திறந்தார். மூடினார். திரும்பத் திறந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சபை கூடியது. சாணைக்கல்லை யாரும் எடுக்கவில்லை. தேவிகுளம், பீர்மேடு தமிழர்களுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றி ஜானகிராமன் மிகுந்த வேதனையோடு பேசினார். செங்கல்வராயன் ஆமோதித்தார். நாட்டைப் பற்றிய கவலை சபைக்கு இவ்வளவு திடீரென்று வந்ததை நினைத்துத் தேசம் பெருமைப்பட்டிருக்கலாம். மூவரும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். பங்குனி வெயிலில்.

வீட்டில் சட்டையைக் கழற்றியாக வேண்டுமே. ஒரு நாள் சோறு போடும்போது ரோஷன் பீவி குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க, கையில மசுரு மொளைச்சுகினு வருது?"

"மொளைக்காம?"

"பத்து வருசமா மொளைக்கலயே. கத்தி தொலைஞ்சு பூட்ச்சா?"

"இல்ல. கீது."

"அப்ப ஒடம்புக்கு இன்னா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "எதுவா இருந்தாலும் சொல்லித் தொலைங்க. இந்த மூஞ்சிய வச்சுகினு உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது எனக்கு."

அவர் கை கழுவப் போய்விட்டார். மயிர் முளைக்கும்போது அரித்தது. தொழுகைக்கு ஒளூச் செய்ய முழங்கைவரை தண்ணீர் வார்க்கும்போதெல்லாம், அந்தச் சொரசொரப்பு ஐந்து வேளையும் கையில் தட்டுப்பட்டது.

வைகாசி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு அவர் தனியாகச் சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறினார். கத்தி சட்டைப்பையில். என்ன சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தார். 'அன்றைக்கு இது என் பையில்தான் இருந்தது' என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். திருக்கழுக்குன்றம் வரை அந்த வாக்கியம் உறுதியாக இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வார்த்தை இறங்கிப் போயிற்று.

முனிசாமி குடிசைக்கு வெளியே வலையைக் காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது கையால் வலைமுடியக் கற்றுக்கொண்டிருந்தான். வலது கையில் அழுக்குத்துணிச் சுற்று. பொன்னி அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வா சாயபு. கோட்டைக்கு வந்தியா?"

"இல்லம்மா. இங்கதான் வந்தேன்." கத்தியை எடுத்து நீட்டினார். "இது... அவருக்குக் குடுக்கலாம்னு."

பொன்னி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்னிக்கு வூட்டுல வச்சுட்டு வந்தியே, அதா?"

இதோ வாசல் திறந்திருக்கிறது. ஒரே ஒரு 'இல்லை' போதும்.

"ஆமா" என்றார் மதார் சாகிப். "அதேதான்."

அவள் அவர் கையைப் பார்த்தாள். முழுக்கைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "எந்த சாமானும் வேணும்கறப்ப வூட்டுலதான் கெடக்கும்" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று அவர் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கத்தியைப் புருஷன் மடியில் போட்டாள். "தபாரு, கப்பல்காரன் கத்தியாம். கயிறு அறுக்கறதுக்குன்னே செஞ்சதாம்."

முனிசாமி அதை இடது கையில் எடுத்தான். நகம் கொடுத்துத் திறக்கிற பள்ளத்தைப் பல்லால் பிடித்து அலகைத் திறந்தான். வெயில் பட்டு அது அவன் தாடையில் வெள்ளையாக ஒரு கோடு அடித்தது. "மூக்கே இல்ல" என்றான். பக்கத்தில் பழைய கட்டுக்கயிறு ஒன்று கிடந்தது. அதே சுண்டுவிரல் தடிமன். அதன் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு நுனியை வலது கையின் மிச்ச விரல்களால் சுற்றி இழுத்துப் பிடிக்கப் பார்த்தான். வழுக்கியது. பொன்னி வந்து பிடித்துக்கொண்டாள். கயிறு ஈரமாக இருந்தது. புரிகளுக்கு நடுவே மணல் மின்னியது.

யா அல்லா, அறுபடக் கூடாது என்று மதார் சாகிப் வேண்டிக்கொண்டார். வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக அவர் எதையும் கேட்டதில்லை. வழுக்கட்டும். ஒடியட்டும். துரை ஏமாந்த கத்தியாக இருக்கட்டும். மயிரைச் சிரைக்க மட்டுமே லாயக்கான தகரமாக இருக்கட்டும். பத்து வருஷம் பேசிய பேச்செல்லாம் பொய்யாகட்டும். ஜானகிராமன் சொன்னதுபோல் வெண்ணெய் தடவுகிற கத்தியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அப்படி இருந்தால், அன்றைக்கு எடுத்துக் கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

முனிசாமி கத்தியை வைத்து ஓர் இழுப்பு இழுத்தான்.

கயிறு இரண்டாக விழுந்தது. அவன் வெட்டுவாயைப் பார்த்தான். பிசிறு இல்லை. பொன்னியும் பார்த்தாள். இருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கையில் ஒரு துண்டும் அவன் காலில் ஒரு துண்டுமாக, கயிற்றின் இரண்டு முனைகளும் கொஞ்சநேரம் ஆடிக்கொண்டிருந்தன.

மதார் சாகிப் சொன்னது சரிதான். கயிற்றுக்குச் சப்பை மூக்குதான்.